இலைக்குச் சான்று தரலாம், ஆற்றுக்கு?

ஆறுமுகநேரியில் பேருந்து ஏறித் தூத்துக்குடி நோக்கிப் போனால், சில நிமிடங்களிலேயே நிலம் நிறம் மாறுவதைக் காணலாம். வெள்ளையாகக் குவிந்து கிடக்கும் உப்பளங்கள் பின்தங்க, வாழையும் அகத்தியும் அடர்ந்த பச்சை எதிர்கொள்ளும். அந்த அகத்தியைப் பற்றிக்கொண்டு ஏறும் கொடியில் விளைவதுதான் ஆத்தூர் வெற்றிலை. நான் வளர்ந்தது உப்புப் பக்கம். என் சித்தப்பா பிழைத்தது கொடிக்கால் பக்கம். ஆகவே 2023-இல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்தபோது எங்கள் குடும்பத்தில் அது தேர்தல் வெற்றிபோலப் பேசப்பட்டது. 'இனிமேல் நம் இலை லண்டனுக்கும் பாரிசுக்கும் நேராகவே போகும்' என்றார்கள். நானும் நம்பினேன்.

அந்த நம்பிக்கையில் ஒரு பிழை இருந்தது. புவிசார் குறியீடு என்பது 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒரு பெயருக்கு அளிக்கப்படும் பாதுகாப்பு. வேறெங்கோ விளைந்த இலையை 'ஆத்தூர் வெற்றிலை' என்று நம் நாட்டில் விற்பதை அது தடுக்கும். பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். அந்தப் பெயரைப் பயன்படுத்த விரும்பும் விவசாயி தனியே பதிவு செய்துகொள்ளவும் வேண்டும். அயல்நாட்டுத் துறைமுகத்தில் நிற்கும் அதிகாரிக்கு அந்தக் காகிதத்தால் ஆவது ஒன்றுமில்லை. இலை எந்த ஊரில் விளைந்தது என்பது அவர் கேள்வியன்று. அதில் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதையே அவர் கேட்கிறார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தனியே ஒரு காகித வரிசை இருக்கிறது. முதலில் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் வழங்கும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண். கட்டணம் 500 ரூபாய்தான். ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் இணையத்தில் விவரங்களை உறுதி செய்யாவிட்டால் எண் முடங்கிவிடும். அடுத்தது, செடி கொடிகளுக்கான நோயின்மைச் சான்று. இதைப் பயிர்ப் பாதுகாப்பு மற்றும் தாவரத் தொற்றொதுக்க அலுவலர் தரவேண்டும். இவற்றோடு, வெற்றிலையை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்புவோருக்கு மட்டும் இன்னொரு பதிவு உண்டு. அதைச் செய்யவேண்டிய இடம் அரக்கு மற்றும் வனப்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம், தலைமையகம் கொல்கத்தா. தாமிரவருணிக் கரையில் நீர் பாய்ச்சி வளர்க்கும் பயிருக்கும் அரக்குக்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள். எனக்கும் விளங்கவில்லை.

இவையெல்லாம் அலைச்சல் மட்டுமே. பொறுமையும் கணினி தெரிந்த ஒரு பிள்ளையும் இருந்தால் முடித்துவிடலாம். உண்மையான இடர் சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிரி.

வெற்றிலையை யாரும் வேகவைப்பதில்லை. பறித்த இலை அப்படியே வாய்க்குப் போகிறது. மனித, விலங்குக் கழிவிலிருந்து நீர்வழியாகப் பரவும் இந்த நுண்ணுயிரி இலையின் மேல் இருந்தால், அதைக் கொல்லுவதற்கு இடையில் அடுப்பு ஏதுமில்லை. அதனால்தான் 25 கிராம் மாதிரியில் ஒன்றுகூடத் தென்படக்கூடாது என்று ஐரோப்பா கேட்கிறது. வங்கதேச வெற்றிலையில் இது மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்டதால் 2014-இல் அந்நாட்டு இலைக்கே ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. எந்தத் தோட்டம், யார் பறித்தது, எந்த நீரில் கழுவியது என்று தடம் பிடிக்கும் முறையை வங்கதேசம் உருவாக்கிக் காட்டிய பிறகு, 2021-இல்தான் கதவு மீண்டும் திறந்தது. ஏழாண்டுகள்! இந்திய வெற்றிலைக்குத் தடை வரவில்லை. ஆனால் எல்லையில் கூடுதலாகச் சோதிக்கவேண்டிய பொருள்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. தொடக்கத்தில் பத்துச் சரக்குக்கு ஒன்று என்பது கணக்கு.

இந்த விதியை வல்லரசுகளின் சூழ்ச்சி என்று சொல்லி ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பிள்ளை பெற்றவளுக்கு வெற்றிலை கொடுக்கிறோம். சளி பிடித்த குழந்தைக்கு அதன் சாற்றைப் புகட்டுகிறோம். (பாக்கின் கேடு தனிக் கதை, அதை இங்கே இழுக்கவேண்டாம்.) பாரிசில் இருப்பவன் வாயில் போகக்கூடாதது நம் வீட்டுக் குழந்தையின் வாயில் போகலாமா? உள்ளூர்ச் சந்தைக்கு வரும் இலையை எவரும் சோதிப்பதில்லை என்பதற்காக அது தூய்மையானது என்று ஆகிவிடாது.

ஆனால் விதி நியாயமானது என்பதாலேயே, அது சுமத்தப்படும் முறையும் நியாயமாகிவிடுவதில்லை. சால்மோனெல்லா சோதனையில் நுண்ணுயிரியை ஊட்ட நீர்மத்தில் வளரவிட்டு, பிறகு தேர்ந்த ஊடகத்தில் பிரித்து, உறுதி செய்யவேண்டும். வழக்கமான முறையில் நான்கைந்து நாள்கள் ஆகும். பறித்த வெற்றிலையோ நாளுக்கு நாள் தன் விலையை இழக்கும் பொருள். சில ஆண்டுகளுக்கு முன் சித்தப்பாவிடம் இலை எடுத்த வியாபாரி ஒருவர், முடிவு வந்த பிறகே சரக்கை விமானத்தில் ஏற்றவேண்டும் என்ற நிபந்தனையை ஏற்றுக்கொண்டார். வெளியூர்ச் சோதனைக்கூடம் ஒன்றில் மாதிரியைக் கொடுத்தார். ஆறாம் நாள் முடிவு வந்தது; இலை தூய்மை என்றது. அதற்குள் சென்னையில் கட்டுக்குள் இருந்த இலை பழுத்திருந்தது. தேர்வில் வென்ற இலை அரை விலைக்கு உள்ளூர்க் கடைகளுக்குப் போயிற்று. அந்த வியாபாரி மறுமுறை ஏற்றுமதி என்று வாய் திறக்கவில்லை.

நாம் இன்னொன்றையும் கேட்டாகவேண்டும். இலைக்கு இந்த நுண்ணுயிரி எங்கிருந்து வருகிறது? பாய்ச்சும் நீர், இடும் எரு, வாடாமலிருக்கத் தெளிக்கும் நீர், பறிப்பவர் கை: இவைதான் வழிகள். எருவை நன்றாக மக்கவைக்கலாம், கையைக் கழுவலாம். நீரை என்ன செய்வது? ஆத்தூர் வட்டாரம் தாமிரவருணியின் கடைமடை. பொதிகையில் தெளிவாகப் பிறக்கும் ஆறு திருநெல்வேலி மாநகரைக் கடந்து, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி எங்களிடம் வந்து சேர்கிறது. வழியில் அதில் கலக்கும் சாக்கடைநீர் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குகள் நடந்துள்ளன. சித்தப்பாவிடம் இதைப் பற்றிப் பேசியபோது அவர் சொன்னார்: "நான் ஆத்துத் தண்ணியத்தான பாய்ச்சுதேன். மேல இருந்து எவன் என்னத்த விடுதாம்னு எனக்கு எப்படிடே தெரியும்?"

இந்தச் சிக்கலின் மையம் அதுதான். சான்றிதழில் எழுதப்படுவது ஒரு விவசாயியின் அல்லது ஏற்றுமதியாளரின் பெயர். சோதிக்கப்படுவதோ ஓர் ஆறு. நகராட்சியும் மாநகராட்சியும் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டதற்கான தண்டம் கடைமடை விவசாயியின் கணக்கில் எழுதப்படுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியது. புவிசார் குறியீடு கிடைத்த அதே ஆண்டில் கொடிக்கால்கள் ஆற்று வெள்ளத்தில் மூழ்கின. அந்த வெள்ளத்தில் எதெல்லாம் மிதந்து வந்தது என்பதைக் கண்ணால் கண்டவர்களுக்கு, நுண்ணுயிரியல் பாடம் எவரும் நடத்தத் தேவையில்லை.

இதே கடற்கரையில் இதே கதை வேறு உருவில் நடந்திருக்கிறது. இழுவலையில் ஆமை சிக்காமல் தப்பிக்கும் கருவியைப் பொருத்தாத நாடுகளின் கடல் இறாலை வாங்குவதில்லை என்று அமெரிக்கா 1989-இல் சட்டம் இயற்றியது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. 1998-இல் மேல்முறையீட்டு அமைப்பு தந்த தீர்ப்பு இன்றும் படிக்கத்தக்கது. ஆமையைக் காக்கும் நோக்கம் ஏற்கத்தக்கதே, ஆனால் அதைச் செயல்படுத்திய விதம் பாரபட்சமானது என்றது அது. கரீபியப் பகுதி நாடுகளுக்கு மூன்றாண்டு அவகாசம் தந்த அமெரிக்கா, ஆசிய நாடுகளுக்குத் தந்தது நான்கு மாதம். அமெரிக்கா முறையைத் திருத்திக்கொண்டது, சட்டம் நிலைத்தது. நாம் வென்றதாக எண்ணிக்கொண்டு வீடு திரும்பினோம். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கேற்ற கருவியை உருவாக்கியபோதும் அது படகுகளுக்குப் போய்ச் சேரவில்லை. விளைவாக, கடந்த சில ஆண்டுகளாக இந்தியக் கடல் இறாலுக்கு அமெரிக்கச் சந்தை மூடிக் கிடக்கிறது. பண்ணை இறால் மட்டுமே போகிறது. அங்கும் சான்று நாட்டுக்குத்தான், படகுக்கு அல்ல. தன் வலையில் கருவி பொருத்திக்கொண்ட மீனவர் ஒருவர் இருந்தாலும், பொருத்தாத ஆயிரம் பேரோடு அவரும் தோற்றவரே.

தோற்காத கதையும் ஒன்று உண்டு. 1997-இல் சுகாதாரக் குறைபாடு காட்டி ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடலுணவுக்குத் தடை விதித்தது. அப்போது மத்திய அரசின் ஏற்றுமதி ஆய்வுக் குழுவும் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமும் சேர்ந்து, பதப்படுத்தும் கூடங்களின் தரை முதல் குளிர்நீர் வரை விதிகளை மாற்றி எழுதின. பல சிறு கூடங்கள் செலவு தாங்காமல் மூடின என்பது உண்மை. ஆனால் தொழில் மீண்டது. இன்று தூத்துக்குடியிலுள்ள கடலுணவுக் கூடங்களுக்குச் சால்மோனெல்லா சோதனை அன்றாட வேலை. அந்நகரில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இயங்குகிறது. வல்லநாட்டுக்கு அருகே கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி இருக்கிறது. கொடிக்காலிலிருந்து முக்கால் மணி நேரப் பயணத்துக்குள் இந்த அறிவெல்லாம் இருக்க, வெற்றிலை மாதிரி ஏன் தொலைதூர நகரத்துக்குப் பயணம் போகவேண்டும்? இறாலுக்கு ஓர் ஆணையம், இலைக்கு வேறொரு கழகம் என்று துறைகளுக்கு இடையே எழுப்பிய சுவர்தான் காரணம் என்பது என் கணிப்பு.

குறுக்குவழி இல்லையா என்று சிலர் கேட்பார்கள். நறுமணப் பொருள்களில் நுண்ணுயிரியைக் கொல்ல எத்திலீன் ஆக்சைடு வாயுவைப் பயன்படுத்துவது உண்டு. அமெரிக்கா அதன் எச்சத்தை ஓர் அளவுவரை ஏற்கிறது, ஐரோப்பா ஏற்பதில்லை. 2020-இல் இந்திய எள்ளில் அந்த எச்சத்தைக் கண்டு ஐரோப்பா கட்டுப்பாட்டை இறுக்கியது. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இந்திய மசாலாப் பொடிகளைத் திருப்பியதும் அதே காரணத்தால்தான். ஒரு நாட்டின் தேர்வில் வெல்வதற்குச் செய்த காரியமே அடுத்த நாட்டின் தேர்வில் தோல்வியைத் தருகிறது. ஆகவே மருந்தடித்துத் தப்பிக்கும் வழி இலைக்கு இல்லை. நீரைத் தூய்மையாக்குவதே மிஞ்சும் வழி.

2025 ஜூலை 24-இல் பிரிட்டனுடன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானபோது, சுங்கவரி நீங்குவதைப் பற்றித்தான் தலைப்புச் செய்திகள் வந்தன. வரி நீங்கினாலும் சோதனை நீங்காது. ஆத்தூரில் பொதுவான கழுவும் கூடம் ஒன்றும், குளோரின் கலந்த நீரும், குளிரூட்டிய சிப்பமிடும் அறையும் அமைக்க ஆகும் செலவு, ஒரு மேம்பாலத் தூணின் செலவுக்குக்கூட வராது என்றே நினைக்கிறேன். கொடிக்கால்களை எண்ணிட்டுப் பதிவுசெய்து, பாய்ச்சும் நீரை மாதந்தோறும் சோதித்து, முடிவைக் கிராமத்திலேயே ஒட்டிவைக்கலாம். அப்போது ஒவ்வொரு சரக்குக்கும் ஐந்து நாள் காத்திருக்கும் கட்டாயம் தளர, வாங்குபவரிடம் வாதாடவாவது நமக்கு ஓர் ஆதாரம் இருக்கும். உள்ளூர்ச் சந்தைக்கும் அதே கூடத்தில் கழுவிய இலைதான் வரவேண்டும். அது இல்லாமல் ஏற்றுமதிக்கென்று மட்டும் கட்டினால் நான் அதை ஆதரிக்கமாட்டேன்.

சித்தப்பா இப்போது கொடிக்காலில் பாதியை அழித்து வாழை போட்டிருக்கிறார். மீதிப் பாதிக்கு ஆற்று நீரை விட்டுவிட்டு ஆழ்துளைக் கிணறு போடலாமா என்று போனமாதம் கேட்டார். கடல் அருகில் இருக்கிறது. ஆழம் போனால் உப்பு ஏறும். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.