நர்சு படிப்பு ஏணியில் ஒரு படியைக் காணோம்!

மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு ஆகிய இடங்களில் நர்சிங் ஹோம்களுக்குப் பஞ்சம் இல்லை. டாக்டர் காலையில் ஒரு தடவை வருவார். மாலையில் ஒரு தடவை வருவார். இரவு முழுவதும் நோயாளியின் கட்டில் அருகே இருப்பது யார்? நர்சு!

அந்த நர்சுகள் எல்லோரும் ஒரே படிப்புப் படித்தவர்கள் அல்ல. இது பலருக்குத் தெரியாது.

மூன்று தரம்

ஏ.என்.எம். என்ற துணை நர்சு படிப்பு 2 வருடம். ஜி.என்.எம். என்ற டிப்ளமா படிப்பு 3 வருடம். பி.எஸ்சி. நர்சிங் பட்டப் படிப்பு 4 வருடம்.

இந்த மூன்று தரம் நேற்று வந்தது அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 வருடம் இருந்தவர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார். அவர் தலைமையில் 1959-ல் மத்திய அரசாங்கம் ஒரு சுகாதாரக் கமிட்டி அமைத்தது. நர்சுகள் மூன்று தரமாக இருக்கலாம் என்று அந்தக் கமிட்டியும் சொன்னது.

தரம் பிரித்ததில் தவறு இல்லை. கிராமத்துக்கும் நர்சு வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கும் வேண்டும். கல்லூரியில் பாடம் சொல்லவும் வேண்டும். ஆனால், கீழ்த்தரத்தில் நுழைந்த பெண் மேலே ஏற வழி இருக்கிறதா? அதுதான் கேள்வி.

இருக்கும் வழி

டிப்ளமா நர்சுக்கு வழி இருக்கிறது. அவர் இன்னும் 2 வருடம் படித்தால் பட்டம் பெறலாம். இதற்கு "போஸ்ட் பேசிக் பி.எஸ்சி." என்று பெயர். நர்சிங் பட்டப் படிப்பு நம் நாட்டில் வேலூரிலும் டில்லியிலும் 1946-ல் தொடங்கியது. டிப்ளமா நர்சுகளுக்கான 2 வருடப் பட்டப் படிப்பு 1963-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது.

வேலையில் இருக்கும் டிப்ளமா நர்சுகளுக்காக இந்திரா காந்தி திறந்தவெளிப் பல்கலைக்கழகமும் இந்தப் படிப்பைக் கொண்டுவந்தது. அதில் 3 வருடம் ஆகும். நுழைவுப் பரீட்சை உண்டு.

இந்தப் பட்டத்தால் என்ன லாபம்? எம்.எஸ்சி. நர்சிங் படிக்கப் பட்டம் வேண்டும். கல்லூரி ஆசிரியை ஆவதற்கும் பட்டம் வேண்டும். 20 வருடம் வார்டில் நின்ற டிப்ளமா நர்சு, தன் வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு எத்தனையோ கற்றுக் கொடுக்கிறார். ஆனால் கல்லூரி வகுப்பில் நின்று பாடம் சொல்ல முடியாது!

பிளஸ் டூவில் விஞ்ஞானப் பாடம் எடுக்காத பெண் நேராக பி.எஸ்சி. நர்சிங்கில் சேர முடியாது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிகளின்படி டிப்ளமாவில் எந்தப் பிரிவு மாணவியும் சேரலாம். ஆகவே அந்தப் பெண்ணுக்கு டிப்ளமா வழிதான் பட்டத்துக்கு ஒரே வாசல்.

காணாமல் போன படி

துணை நர்சின் கதி என்ன? அவர் டிப்ளமா வகுப்பில் சேரலாம். ஆனால் முதல் வருடத்திலிருந்து 3 வருடத்தையும் முழுதாகப் படிக்க வேண்டும். முன்பு படித்த 2 வருடம் கணக்கில் வராது.

கூட்டிப் பாருங்கள். துணை நர்சு படிப்பு 2, டிப்ளமா 3, பட்டம் 2. ஆக மொத்தம் 7 வருடம்! பணமும் மதிப்பெண்ணும் உள்ள வீட்டுப் பெண் 4 வருடத்தில் வாங்கும் பட்டத்தை, ஏழை வீட்டுப் பெண் 7 வருடத்தில் வாங்க வேண்டும். பிரசவம் பார்க்கவும், தடுப்பூசி போடவும் கற்றுக் கொண்டவர், அதையே மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து கற்க வேண்டுமாம். இது என்ன நியாயம்?

மற்ற நாடுகளில் இப்படி இல்லை. அமெரிக்காவில் "பிராக்டிகல் நர்சு" என்று ஒரு தரம் உண்டு. சுமார் ஒரு வருடப் படிப்பு. அவர்கள் மேல்படிப்புக்குப் போனால், படித்ததைப் பல கல்லூரிகள் கழித்துக் கொள்கின்றன. இங்கிலாந்தில் இரண்டாம் தர நர்சு பயிற்சியை நிறுத்தியபோது, ஏற்கனவே இருந்தவர்கள் முதல் தரத்துக்கு உயரத் தனி வகுப்புகள் நடத்தினார்கள்.

"தரம் குறைந்து விடாதா?" என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நோயாளியின் உயிர் விளையாட்டுப் பொருள் அல்ல. ஆகவே இலவசமாக எதையும் கழிக்க வேண்டாம். பரீட்சை வையுங்கள். எழுத்துப் பரீட்சையும் வையுங்கள். வார்டில் செய்து காட்டும் பரீட்சையும் வையுங்கள். தேறிய பாடத்தை மட்டும் கழியுங்கள். தேறாததைப் படிக்கட்டும்.

இதுவே சமயம்

1947-ம் வருட நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக, புதிய தேசிய கமிஷன் அமைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2023-ல் நிறைவேற்றியிருக்கிறது. புதுச் சட்டம் வந்தால் புது விதிகளும் வரும். துணை நர்சு டிப்ளமாவுக்கு ஏறும் படியை அந்த விதிகளில் சேர்க்க வேண்டும். தமிழ்நாடு அரசாங்கம் இதை வற்புறுத்த வேண்டும்.

நர்சிங் ஹோம் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. படிக்க விரும்பும் நர்சுக்கு வாரத்துக்கு ஒரு விதமாக டியூட்டி மாற்றாதீர்கள். வகுப்புக்குப் போக நேரம் விடுங்கள். உங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் லாபம்.

பெற்றோருக்கும் ஓர் எச்சரிக்கை. ஆறு மாதம், ஒரு வருடம் என்று "நர்சிங்" சர்டிபிகேட் கொடுக்கும் இடங்கள் உண்டு. மயிலாப்பூர் சாந்தோம் நெடுஞ்சாலையில் தமிழ்நாடு நர்சுகள், மருத்துவச்சிகள் கவுன்சில் இருக்கிறது. அந்தக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாத படிப்பு, மேல்படிப்புக்கு உதவாது. பணம் கட்டும் முன்பு அங்கே விசாரியுங்கள்.

ஏழைப் பெண் சலுகை கேட்கவில்லை. தான் படித்த 2 வருடத்தைக் கணக்கில் வையுங்கள் என்றுதான் கேட்கிறாள். அதைக் கொடுப்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லை!