வினவத் தெரிந்தவரே விடை காண்பார்



கண்டியிலே கல்வி பயிலும் சிறுமி ஒருத்தி தன் விஞ்ஞானக் குறிப்புப் புத்தகத்துடன் என்னிடம் வந்தாள். "பரிசோதித்து அறியத்தக்க வினா ஒன்றை எழுதுக" என்று ஆசிரியர் பணித்திருந்தார். "செடிகள் ஏன் நோயுறுகின்றன?" என்று அவள் எழுதியிருந்தாள். அதன்கீழ்ச் சிவப்பு மையிலே, "இதனை எவ்வாறு பரிசோதிப்பாய்?" என்றிருந்தது.

"என் கேள்வி பிழையா, மாமா?" என்றாள், முகம் வாடி.

"பிழையில்லைப் பிள்ளை; மிகப் பெரிது. அவ்வளவுதான்" என்று கூறி, ஒரு கதை சொன்னேன். அது கட்டுக்கதையன்று, நமது மலைநாட்டிலே நடந்தது.

இன்று தேயிலை போர்த்து நிற்கும் இம்மலைகளில் ஒரு காலம் கோப்பியே செழித்திருந்தது. அதனை நட்டுக் கொத்திப் பறிக்கவே தென்னிந்தியாவிலிருந்து நம்மவர் பல்லாயிரவர் கால்நடையாக வந்தனர். 1869ஆம் ஆண்டிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடி படிந்த புள்ளிகள் தோன்றின. இலைகள் உதிர்ந்தன, காய் குறைந்தது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த துவேற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்னும் அறிஞர் அவற்றில் ஒரு பங்கசைக் கண்டு, அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். பின்சொல்லின் பொருள் 'அழிப்பவள்' என்பதாம்.

பெயர் கிடைத்தது, தெளிவு கிடைக்கவில்லை. மண் களைத்துவிட்டது என்றார் சிலர். காலநிலை கெட்டது என்றார் வேறு சிலர். செடி முதலில் நலிந்தது, பங்கசு பின்னரே வந்தது என்பாரும் இருந்தனர். "நமது கோப்பிக்கு என்ன கேடு வந்தது?" என்று எல்லோரும் கேட்டனர். அவ்வினாவுக்கு எவரும் எதையும் விடையாகக் கூறலாம். அது தவறென்று காட்ட வழியில்லை. இவ்வாறே பத்தாண்டுகள் கழிந்தன.

1880ஆம் ஆண்டிலே மார்ஷல் வார்ட் என்பவர் இலங்கைக்கு வந்தார்; வயது 25 கடந்த இளைஞர். அவர் பெரிய வினாவைச் சிறு வினாக்களாகப் பிளந்தார். இப்பொடி காற்றிலே பறந்து செல்கின்றதா? கண்ணாடித் தகடுகளிலே கிளிசரீன் பூசித் தோட்டங்களில் வைத்தார். பின்பு நுணுக்குக்காட்டியினூடாக நோக்கியபோது பங்கசின் வித்திகள் அவற்றில் ஒட்டியிருந்தன. வித்தி முளைக்க ஈரம் வேண்டுமா? ஆம், நீர்த்துளியின்றி அது முளைக்கவில்லை. நலமான இலையிலே வித்தியை இட்டால் நோய் தோன்றுமா? தோன்றியது. வித்தியிலிருந்து நீண்ட மெல்லிய குழாய், இலைவாய் வழியே உள்ளே புகுவதையும் அவர் கண்டார்.

இவ்வினாக்களின் அழகைக் கவனியுங்கள். தகட்டிலே வித்தி ஒட்டாதிருந்தால் அவர் தம் எண்ணத்தை மாற்றியிருக்க வேண்டும். 'இல்லை' என்னும் விடைக்கும் இடங்கொடுப்பதே பரிசோதிக்கத்தக்க வினா.

ஆனால், விடை கண்டதனால் கோப்பி பிழைத்ததா? இல்லை. மலைமலையாக ஒரே பயிர் இடைவெளியின்றி நின்றமை பங்கசுக்கு விருந்தாயிற்று. பரவிய நோயை மீட்க இயலவில்லை. தோட்டங்கள் வீழ்ந்தன, தொழிலாளர் பலர் வேலையிழந்து ஊர் திரும்பினர். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிடத் தொடங்கிய தேயிலையே பின்னர் இம்மலைகளை நிரப்பிற்று. தக்க வினா பத்தாண்டு முந்தியிருந்தால் என்னவாகியிருக்கும் என நான் எண்ணுவதுண்டு. ஆனால் அதனை இனிப் பரிசோதிக்க இயலாது. ஆகவே அது விஞ்ஞான வினாவன்று, பெருமூச்சு.

இனி உங்கள் வினாவுக்கு வருவோம். எழுதியபின் மூன்று செய்திகளைத் தேடுங்கள். நான் எதனை மாற்றப் போகிறேன்? எதனை அளக்கப் போகிறேன்? எவற்றை மாறாமல் வைத்திருப்பேன்? மூன்றும் இருந்தால் வினா தேறியது.

"கண்டி வாவி ஏன் அழகாயிருக்கிறது?" என்பது நல்ல வினா, கவிஞரிடம் கேளுங்கள். அழகை அளக்க அடிக்கோல் இல்லை. "தேயிலைச் சக்கை செடிக்கு நல்லதா?" என்பது பாதி வழி வந்த வினா. 'நல்லது' என்றால் யாது? உயரமா, இலையா, காயா? அதனை இவ்வாறு திருத்தலாம்: "இரண்டு தேக்கரண்டி உலர்ந்த தேயிலைச் சக்கை கலந்த மண்ணில் வளரும் பயற்றங்கன்று, கலவாத மண்ணில் வளர்வதைவிட 14 நாட்களில் உயரமாகுமா?" சாடி, மண், நீர், வெயில் யாவும் இரண்டுக்கும் ஒன்றாயிருக்கட்டும். ஒரு கன்று தற்செயலாக வாடலாம். ஆகவே பக்கத்துக்கு ஐந்து சாடிகளாவது வையுங்கள்.

பெற்றோரே, பிள்ளை "ஏன்?" என்று கேட்கும்போது உடனே விடை கூறிவிடாதீர்கள். "அதனை நாம் எப்படி அறியலாம்?" என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டு வெற்றுப் பேணிகளும் ஒரு பிடி பயறும் வீட்டில் இல்லாமலா போகும்?

அச்சிறுமி மறுநாள் தன் வினாவைத் திருத்தி எழுதினாள்: "இலை நனைய நீர் ஊற்றிய செடியில், வேரில் மட்டும் ஊற்றிய செடியைவிட அதிக நோய்ப்புள்ளிகள் தோன்றுமா?" வார்டின் ஈரத்தை அவள் மறக்கவில்லை. விடை இன்னும் தெரியாது. சாடிகள் முற்றத்தில் இருக்கின்றன. அவள் நாள்தோறும் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.