யாரைப் பற்றிப் பேசுகிறோமோ, அவர்களிடம் பேசினோமா?

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் ஓர் எளிய வீட்டைத் தமிழக அரசு நினைவில்லமாகப் பேணி வருகிறது. 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் இராஜாஜி பிறந்த வீடு அது. அவ்வூரைச் சூழ்ந்த பகுதியில் இன்று தொழிற்பேட்டைகள். அவற்றில் வேலை தேடும் இளைஞரை உருவாக்கும் கல்லூரிகள். அக்கல்லூரி மாணவர்கள் இவ்வீட்டுக்கு வந்தால், பிறந்த ஆண்டையும் வகித்த பதவிகளையும் குறித்துக்கொண்டு திரும்புவர். ஆனால் எழுதக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இவ்வீட்டை விட நல்ல பாடநூல் அருகில் இல்லை என்பது நம் உறுதியான கருத்து.

நம் கல்லூரிகளில் கட்டுரைப் பயிற்சி என்ற பெயரில் நடப்பதுதான் என்ன? முன்னுரை, பொருளுரை, முடிவுரை என மூன்று பெட்டிகள். அவற்றை நிரப்பச் சில பொன்மொழிகள். ஒற்றுப்பிழைக்கும் சந்திப்பிழைக்கும் சிவப்பு மை. இதை யார் படிக்கப்போகிறார், எதற்காகப் படிக்கப்போகிறார் என்னும் கேள்வி எழுவதேயில்லை. விடைத்தாளைத் திருத்துபவர் ஒருவரே மாணவன் அறிந்த வாசகர்!

அமெரிக்கக் கல்லூரிகளின் எழுத்துப் பயிற்சி வகுப்புகளில் 'சொல்லாடல் சமூகம்' என்னும் கருத்தைக் கற்பிக்கின்றனர். பொதுவான நோக்கமும், தமக்குள் செய்தி பரிமாறும் வழிகளும், தமக்கே உரிய சொற்களும் எழுத்து வடிவங்களும் உடைய மக்கள் கூட்டத்தை இச்சொல் குறிக்கும். ஜான் சுவேல்ஸ் என்னும் மொழியியல் அறிஞர் 1990-இல் அதற்கு ஆறு இலக்கணங்கள் வகுத்தார். நமக்கு இது முற்றிலும் புதிதன்று. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர் என்று குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டு படித்தவர்கள்தாமே நாம்? குழுவுக்குக் குழு சொல் மாறும் என்று நன்னூல் மரபு கற்பித்தது. ஒரே சொல் குழுவுக்குக் குழு வேறு பொருளில் செவியில் விழும் என்னும் அடுத்த படிக்கு நம் வகுப்பறை ஏறவில்லை.

அந்த அடுத்த படியைத் தொரப்பள்ளியின் மைந்தரே தம் வாழ்வால் கற்பிக்கிறார். இராஜாஜி எழுதத் தெரியாதவர் அல்லர். 1916-இலேயே சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் கண்டவர். 'திண்ணை ரசாயனம்' எழுதி வேதியியலைத் திண்ணைக்குக் கொண்டுவந்தவர். 'சக்கரவர்த்தித் திருமக'னுக்காக 1958-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். இத்தகைய சொல்வல்லவர் 1953-இல், சென்னை மாநில முதலமைச்சராக இருந்தபோது, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் தந்தார். பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலையோ ஊரிலுள்ள வேறு கைத்தொழிலையோ கற்றல். முறை வைத்துப் பள்ளி நடத்தினால், இருக்கும் ஆசிரியரையும் கட்டடத்தையும் கொண்டே மேலும் பலருக்குக் கல்வி தரலாம் என்பது அரசின் கணக்கு.

பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதனைக் 'குலக்கல்வித் திட்டம்' என்றே அழைத்து எதிர்த்தனர். 1954-இல் இராஜாஜி பதவி விலகினார், ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது.

மாணவர் ஆராய வேண்டிய இடம் இதுவே. 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே காந்தி ஆசிரமம் நிறுவியவரின் செவியில் 'தொழில்' என்னும் சொல் உழைப்பின் மாண்பாக ஒலித்தது. ஆதாரக் கல்வியை நினைவூட்டியது. தலைமுறை தலைமுறையாக ஒரே தொழிலில் சாதியால் கட்டப்பட்டுக் கிடந்தவரின் செவியிலோ அதே சொல் விலங்கின் ஓசையாக ஒலித்தது. அவருக்குப் பள்ளி என்பதே தந்தையின் தொழிலிலிருந்து தப்பும் வாயில். அவ்வாயிலில் தந்தையின் தொழிலையே கொண்டுவந்து நிறுத்தினால் அவர் எப்படி ஏற்பார்?

எதிர்த்தோர் சூட்டிய பெயரையும் மாணவர் ஆராயட்டும். மூன்று மணி நேரக் கணக்கையும், ஆசிரியர் பற்றாக்குறையையும், வேறு கைத்தொழில் கற்கலாம் என்ற இடத்தையும் அப்பெயர் சொல்லாமல் விட்டது. சாதி என்னும் உண்மையையோ முன்னே நிறுத்தியது. பெயர் வென்றது ஏன்? அது பாதிக்கப்பட்டோரின் மொழியில் பேசியது. எனவே இதை வெறும் சொற்குழப்பம் என்று தள்ளிவிட நாம் உடன்படோம். திட்டம் அவர்களைப் பற்றிப் பேசியது. முதலில் அவர்களிடம் பேசவில்லை. அது நடையின் குறை மட்டுமன்று, நீதியின் குறையும் ஆகும்.

"பிழையின்றி ஒரு வாக்கியம் எழுதத் தெரியாதவனுக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு?" என்று சிலர் கேட்பர். இந்த எல்லைப்புறத்து மாணவனைச் சற்று உற்று நோக்குங்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழில் படித்து, ஆலையின் நேர்காணலில் ஆங்கிலத்தில் விடை சொல்கிறவர் இங்கே பலர். ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்பப் பேச்சை மாற்றும் கலை அவனுக்குப் பழக்கமானது. அதனை அறிவு என்று மதிக்காமல், "மொழிக்கலப்பு" என்று சொல்லி அவனைக் கூனிக் குறுகச் செய்கிறோம். இலக்கணம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. யாருக்காக எழுதுகிறோம் என்று தெரிந்தவனே பிழை நீக்குவதில் அக்கறை கொள்வான் என்கிறோம்.

"இது பேசி மயக்கும் வித்தை" என்பார் வேறு சிலர். மயக்கும் வித்தை அறியாதவனே எளிதில் மயங்குகிறான். விளம்பரமும், தேர்தல் முழக்கமும், கடன் பத்திரமும் அவனை நோக்கி நாள்தோறும் பேசிக்கொண்டிருக்கின்றனவே!

நம் திருமறைக்கு இக்கலை அயலானதன்று. அந்தியோக்கியாவின் தொழுகைக்கூடத்தில் பவுலடியார் இஸ்ரயேல் மக்களின் வரலாற்றிலிருந்து தொடங்கினார். ஏதென்சிலோ, பெயரறியாத் தெய்வத்துக்கு அந்நகரத்தார் எழுப்பியிருந்த பலிபீடத்தைச் சுட்டிப் பேசினார். அறிவித்த நற்செய்தி ஒன்றே. நுழைந்த வாயில்கள் வேறு. அதுவும் எல்லாரையும் வெல்லவில்லை. சிலர் நகைத்தனர், சிலர் நம்பினர். கேட்போரை மதித்தார் என்பதே அங்கு நாம் காணும் பாடம்.

நாம் மதிக்கிறோமா? 'ஒப்புரவு அருட்சாதனம்', 'திருமுழுக்கு' என்று நமக்குள் பழகிய சொற்கள், நம் இல்லத் திருமணத்துக்கு வரும் அயலாருக்கு விளங்குமா என்று எண்ணிப்பார்த்தோமா? ஓசூர் ஆலைகளில் உழைக்கும் வடமாநிலத் தொழிலாளரைப் பற்றிக் கூட்டம் கூடிப் பேசுகையில், அவர்களுள் ஒருவரையேனும் அவையில் அமர்த்தியதுண்டா? எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய குறையைச் சுட்டும் விரல் நம்மையும் சுட்டட்டும்.

ஆகவே, இப்பகுதிக் கல்லூரிகளிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. ஆண்டுக்கு ஒருநாள் கட்டுரை வகுப்பைத் தொரப்பள்ளி வீட்டின் முன் நடத்துங்கள். 1953-ஆம் ஆண்டுத் திட்டத்தையும் அதற்கு எதிரிகள் இட்ட பெயரையும் மாணவர் முன் வையுங்கள். பேசுகிறவர் யார், யாரிடம் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார் என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பின்னர், அன்றைய சிற்றூர்த் தகப்பன் ஒருவர் முதலமைச்சருக்கு எழுதியிருக்கக்கூடிய மடலை எழுதச் சொல்லுங்கள். அம்மடலில் ஒற்றுப்பிழை இருந்தால் திருத்துங்கள்; ஆனால் அதற்கு முன் அதை முழுவதும் படியுங்கள்.