வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பள்ளிக்கு வாருங்கள்

தோழர்களே, அக்கா தங்கைகளே!

வருகிற வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கிறது. அரை நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று நீங்கள் வந்தே ஆக வேண்டும். ஏன் இவ்வளவு அவசரம் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

பதினோரு வருடமாகப் பனியன் கம்பெனிச் செக்கிங் டேபிளில் நிற்கிறவள் நான். பனியனை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தால் போதும், ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. எந்த நாட்டிலோ யாரோ போடப்போகிற சட்டைக்கு அத்தனை கவனம். பெற்ற மகளின் நோட்டை மட்டும் அவள் நாலாம் வகுப்புக்கு வரும்வரை நான் விரித்துப் பார்த்ததே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சரி. ‘மழை பெய்து குளம் நிறைந்தது, தவளைகள் கத்தின’ என்று எழுதியிருந்தாள். நடுவில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, “இது என்ன கண்ணு?” என்று கேட்டேன். அவள் அந்தச் சொல்லைப் பார்க்கவில்லை. வரியின் தொடக்கத்துக்குப் போனாள். மழை, பெய்து, குளம், நிறைந்தது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு விரலாக மடக்கி, ஐந்தாவது விரலில், “தவளைகள்” என்றாள். அதே சொல்லைக் காலண்டர் தாளின் பின்பக்கம் தனியாக எழுதிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இதை இன்னும் டீச்சர் சொல்லித் தரலீங்கம்மா.”

அன்றிரவு நான் தூங்கவில்லை. மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, டீச்சரை நாலு கேள்வி கேட்கும் கோபத்தோடு பள்ளிக்குப் போனேன். அங்கே ஒரே அறையில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். ஒரு டீச்சர் ஒரு மூலையில் ‘அ’ எழுதிப் போட்டுவிட்டு அடுத்த மூலைக்குக் கழித்தல் கணக்குச் சொல்ல ஓடிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் நாலையும் ஐந்தையும் வைத்துக்கொண்டு நடுவே பதிவேடுகளையும் நிரப்பிக்கொண்டிருந்தார். 74 பிள்ளைகளுக்கு அந்த இரண்டே பேர். என் கோபம் வாசலோடு நின்றுவிட்டது.

திரும்பும்போதுதான் சுவரில் எழுதியிருந்த பெயர்களைப் பார்த்தேன். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள். நாலாவது பெயர் என்னுடையது! எப்போதோ ஒரு கூட்டத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடியிருக்கிறேன். உங்களில் எத்தனை பேருடைய பெயர் அந்தச் சுவரில் இருக்கிறதென்று உங்களுக்கே தெரியாது. போய்ப் பாருங்கள்.

அந்தப் பெயர்களுக்கு என்ன அதிகாரம் என்று தேடித் தேடிப் படித்தேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது: இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் வேண்டும், என்ன கட்டடம் வேண்டும், எவ்வளவு பணம் வேண்டும் என்று மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது இந்தக் குழுவின் வேலை. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், அறுபதைத் தாண்டினால் மூன்று என்று அதே சட்டம்தான் கணக்கு வைத்திருக்கிறது. ஆக, நம் பள்ளிக்கு ஒரு ஆசிரியர் பாக்கி இருக்கிறது. கூலி பாக்கி என்றால் விடுவோமா நாம்?

பஞ்சப்படிக்காக 1984-ல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இந்தத் திருப்பூர். நம் அப்பா அம்மா கஞ்சி குடித்து நின்ற நாட்கள் அவை. அந்த ஊரில் பிறந்துவிட்டு, போனஸ் பேச்சுவார்த்தைக்குக் கூடுகிற நாம் பிள்ளையின் படிப்பு பேசுகிற இடத்தில் மட்டும் இல்லை. போன கூட்டத்துக்கு வந்த பெற்றோர் மூன்றே பேர். மூன்று பேர் எழுதிக் கொடுக்கிற மனுவை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

“எங்களுக்கே எழுதப் படிக்கத் தெரியாதே” என்று சிலர் தயங்குகிறீர்கள். தெரிய வேண்டியதில்லை. பாடப் புத்தகத்தைத் திறந்து ஒரு சொல்லின்மேல் விரல் வையுங்கள். பிள்ளை அந்த இடத்திலேயே படிக்கிறதா, வரியின் தொடக்கத்துக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அது தெரிந்துவிடும். கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்தவர்களும் ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள். பீஸ் கட்டிய ரசீதை வைத்துப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. எட்டரை மணிக்கு ஒன்றரை ஷிப்ட் முடிந்து வந்ததும் எங்கள் லைன் வீட்டு வாசலில் பதினோரு பிள்ளைகள் படிக்க உட்காருகிறார்கள். பள்ளி பீரோவில் பூட்டிக் கிடந்த கதைப் புத்தகங்களைத் தலைமையாசிரியரே எடுத்துக் கொடுத்தார். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போலக் கொடுத்தார். ஒடிசாவிலிருந்து வந்த ஓவர்லாக் டெய்லரின் மகன் தமிழில் முதல் கதையை முழுசாகப் படித்து முடித்த இரவு அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பேசிய மொழி எனக்குப் புரியவில்லை, அழுகை புரிந்தது. என் மகள் இப்போது கம்பெனி பஸ்ஸின் பெயரைக்கூட எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் என்னை ஏறவிடுகிறாள். ஆனால் வாசல் விளக்கும் நானும் பள்ளிக்கூடம் ஆகிவிட முடியாது. காலைச் சிற்றுண்டித் திட்டம் வந்த பிறகு பிள்ளைகள் வயிறு நிறைந்து வகுப்பில் உட்காருகிறார்கள். உட்கார்ந்த பிள்ளைக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

வெள்ளிக்கிழமை இரண்டு வேலை இருக்கிறது. மூன்றாவது ஆசிரியரைக் கேட்டுத் தீர்மானம் போட்டு, வந்த பெற்றோர் எல்லோரும் கையெழுத்திட்டு, வட்டாரக் கல்வி அலுவலரிடம் நேரில் கொடுக்க வேண்டும். அடுத்தது, எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்தில் தடுக்குகிறது என்று வகுப்புவாரியாகப் பட்டியல் எடுக்க வேண்டும். அதற்கு நம்மைத் தவிர வேறு ஆள் கிடையாது.

சங்கத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மாதத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், சம்பளம் பிடிக்காமல் இந்தக் கூட்டத்துக்கு விட வேண்டும் என்பதை அடுத்த கோரிக்கைப் பட்டியலிலேயே சேருங்கள். கடைசியில் சேர்க்காதீர்கள், மேலே சேருங்கள். அது கிடைக்கும்வரை சம்பளம் போனாலும் நான் போவேன். நீங்களும் வாருங்கள்.

ஒடிசா அக்காவை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். பக்கத்து வீட்டுக்காரரை நீங்கள் கூட்டி வாருங்கள். அப்பாமார்களும் வர வேண்டும், அம்மா போனால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டே முக்காலுக்குப் பள்ளி வேப்பமரத்தடியில் நிற்பேன். பிள்ளையின் தமிழ் நோட்டைக் கையோடு எடுத்து வாருங்கள்.