விசில் அடிக்கலாம், பர்சைத் திறக்கலாமா?

கிரிக்கெட் பார்க்கப் பெரிய செலவு கிடையாது. வீட்டில் டெலிவிஷன் இருக்கிறது. இல்லாவிட்டால் கையில் செல்போன் இருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் டீக்கடை இருக்கிறது. ஆனாலும் சீசன் முடிந்து கணக்குப் பார்த்தால் சட்டைப் பையில் ஓட்டை! எப்படி?

ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கும் முள்ளிப்பட்டு, பட்டு நெசவு நடக்கும் ஊர். அங்கே ஒரு தறிக்காரர் வீட்டுப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால் விடை கிடைத்துவிடும். எந்த வீடு என்று கேட்க வேண்டாம். ஐ.பி.எல். வந்துவிட்டால் பாதி வீட்டில் இதே பேச்சுதான்.

"எப்பா, மஞ்ச பனியன் வாங்கிக் குடுப்பா. தெருவுல எல்லாரும் போட்டுக்கினு திரியறானுங்க."

"போன வருசம் வாங்கினது இன்னாடா ஆச்சு?"

"அது பழசுப்பா. அதுல வேற கம்பெனி பேரு போட்டிருக்கு."

அடுப்படியில் இருந்து அம்மாவின் குரல்: "ஏங்க, இவனுக்கு மட்டும் வாங்கினா சின்னது அழும். ரெண்டா வாங்கிடுங்க."

கடைக்குப் போனால், "இரண்டு வாங்கினால் மூன்றாவது பாதி விலை" என்று போர்டு. மூன்றாவது யாருக்கு? அப்பாவுக்கு! அவரும் ரசிகர்தானே!

ஒரு பனியன் கேட்டுப் போன இடத்தில் மூன்று பனியன். இதுதான் ஓட்டை.

மார்பில் யார் பேர்?

பையன் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. பனியன் கிழிவதற்கு முன்பே அதில் உள்ள கம்பெனி மாறிவிடுகிறது.

இந்திய அணியின் சட்டையையே எடுத்துக் கொள்ளுங்கள். பல ஆண்டுகள் மார்பில் சகாரா. 2014-ல் ஸ்டார். 2017-ல் ஓப்போ. 2019-ல் பைஜூஸ். 2023-ல் ட்ரீம் லெவன். 2025-ல் அப்போலோ டயர்ஸ். ஒவ்வொரு தடவையும் "அசல்" சட்டை வைத்திருக்க வேண்டும் என்று கிளம்பினால் அலமாரி நிரம்பும். அரிசி டப்பா காலியாகும்.

ஒரு விஷயம் யோசிக்க வேண்டும். அந்தக் கம்பெனிகள் தங்கள் பேரைச் சட்டையில் போடக் கோடிக்கணக்கில் பணம் கொடுத்தன. ரசிகரோ அதே பேரைத் தன் மார்பில் சுமக்கத் தானே பணம் கொடுக்கிறார்! விளம்பரப் பலகை தூக்குபவருக்குக் கூலி உண்டு. இவருக்கு அதுவும் இல்லை.

காசு போகும் வழி

2023 முதல் 2027 வரை ஐந்து ஆண்டு ஐ.பி.எல். ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமை 2022 ஜூனில் ஏலம் போனது. மொத்தம் 48,390 கோடி ரூபாய்! இதைக் கொடுத்தவர்கள் தர்மத்துக்குக் கொடுக்கவில்லை. திரும்ப எடுக்க வேண்டும். எங்கிருந்து? பெரும்பகுதி விளம்பரத்தில் இருந்து. விளம்பரம் கொடுப்பவருக்குப் பணம் எங்கிருந்து? சோப்பு, செல்போன், பைக், பனியன் விற்று. சுற்றிச் சுற்றி வந்தால் கடைசியில் நிற்கும் இடம் ரசிகரின் சட்டைப் பை.

அதனால்தான் ஒரு ஓவர் முடிந்தவுடன், "இன்றே கடைசி" என்று ஒரு குரல். விக்கெட் விழுந்தவுடன், "முந்துங்கள்" என்று இன்னொரு குரல். நாளைக்கும் அதே "இன்றே கடைசி" வரும். அடுத்த வாரமும் வரும்.

அன்று பில் போடவில்லை

செலவு செய்தால்தான் ரசிகரா? இல்லவே இல்லை.

1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய டெஸ்ட், கடைசி ஓவரில் 'டை' ஆனது. டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 ரன் அடித்த ஆட்டம். அந்தக் காலத்தில் ரேடியோ ஒன்று போதும். அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை காதில் விழுந்தால் மைதானமே கண் முன்னால் வந்து நிற்கும். காது கிரிக்கெட்டில் இருக்கும். கை வேலையில் இருக்கும். வேலையும் ஓடியது, ரசனையும் ஓடியது.

1999 ஜனவரியில் அதே சேப்பாக்கம். பாகிஸ்தானிடம் இந்தியா 12 ரன்னில் தோற்றது. டெண்டுல்கர் 136 அடித்தும் வீண். கண் கலங்கிய சென்னை ரசிகர்கள் என்ன செய்தார்கள்? எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கை தட்டினார்கள்! இன்றைக்கும் அதை உலகம் பேசுகிறது. அந்தக் கைதட்டலுக்கு எந்தக் கடையிலும் பில் போடவில்லை.

டிவிக்குத் தவணை பாக்கி

பனியனாவது சில நூறு ரூபாயோடு போகும். பெரிய டிவி ஆசை வந்தால்தான் ஆபத்து.

2023-ஐ நினைத்துப் பாருங்கள். அக்டோபர், நவம்பரில் உலகக் கோப்பை. நடுவில் நவம்பர் 12-ந் தேதி தீபாவளி. எங்கே பார்த்தாலும் தள்ளுபடி. இந்தியா வரிசையாகப் பத்து ஆட்டம் ஜெயித்தது. "பைனலைப் பெரிய டிவியில பாத்தாத்தான் மவுசு" என்று கிளம்பியவர்கள் எத்தனை பேர்! நவம்பர் 19-ந் தேதி ஆமதாபாத்தில் ஆஸ்திரேலியா கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. சோகத்தைப் பெரிதாகப் பார்த்ததுதான் மிச்சம். தவணை மட்டும் மாதா மாதம் தவறாமல் வந்தது.

"வட்டியே இல்லாத தவணை" என்கிறார்களே? இப்படி ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் சொல்லிவிட்டது. வட்டி வேறு வேஷத்தில் வரும். நடைமுறைக் கட்டணம் என்று வரும். அல்லது ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி இல்லாமல் போகும்.

தறிக்காரருக்கு இன்னும் ஆபத்து

மாதச் சம்பளக்காரருக்கு ஒன்றாந் தேதி என்று ஒன்று உண்டு. தறிக்காரருக்கு அது கிடையாது. சேலை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியில் ஈரம் ஏறும். பாவு நமுத்துப் போகும். வேலை மந்தமாகும். தீபாவளித் தள்ளுபடி வருவதும் அந்த மழையில்தான்!

கையில் காசு இல்லையே என்று முதலாளியிடம் முன்பணம் வாங்கினால் என்ன ஆகும்? முன்பணம் தீரும் வரை அந்தத் தறி அவருக்குத்தான் ஓட வேண்டும். வேறு இடத்தில் கூலி அதிகம் கிடைத்தாலும் போக முடியாது. கூலியைக் கூட்டிக் கேட்க வாய் வராது. இருபது வருடம் கற்ற தொழிலின் பேரம் பேசும் பலத்தை ஒரு டிவிக்கு அடகு வைத்த கதை!

பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு என்று முன்பணம் வாங்கினால் நியாயம். வைத்தியச் செலவு என்றால் அதுவும் நியாயம். சிக்சரைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று வாங்கலாமா?

ஏழு யோசனை

ஆசையை அடக்கு என்று சொல்வது சுலபம். அடக்குவதற்கு வழி வேண்டாமா? இதோ:

1. ஆட்டம் நடக்கும்போது எதையும் வாங்கக் கூடாது. ஜெயித்தால் சந்தோஷத்தில் கை தாராளமாகும். தோற்றால் துக்கத்தில் புத்தி மழுங்கும். விடியட்டும். காலையில் டீ குடித்த பிறகும் அதே பொருள் வேண்டும் என்று தோன்றினால் பார்த்துக் கொள்ளலாம்.

2. விலையை ரூபாயில் பார்க்காதீர்கள், உழைப்பில் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, நாள் கூலி 400 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக் கொள்வோம். 799 ரூபாய் பனியன் என்றால் இரண்டு நாள் மிதியடி மிதித்து, நாடா ஓட்டிய உழைப்பு. குமாஸ்தாவும் இதே கணக்கைப் போடலாம். எத்தனை மணி நேரம் பைலைப் புரட்டியது இந்தப் பனியன்?

3. 799-ஐ எழுநூறு என்று படிக்காதீர்கள். அது எண்ணூறு!

4. பழைய சட்டைக்கு வெட்கப்பட வேண்டாம். பழைய கம்பெனி பேர் இருந்தால் அதுதான் கௌரவம். "நான் நேத்து வந்த ரசிகன் இல்ல" என்று அர்த்தம்.

5. நாலு வீடு சேர்ந்து ஒரு டிவியில் பாருங்கள். கடலையும் டீயும் பங்கு. விசில் சத்தமும் நாலு மடங்கு.

6. பந்தயம் வேண்டவே வேண்டாம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டமே போட்டுவிட்டது. திருட்டு வழியில் ஆள் பிடிப்பவர் வந்தால் வாசலோடு அனுப்புங்கள்.

7. பிள்ளைகளுக்கு ஒரு மட்டையும் ரப்பர் பந்தும் வாங்கிக் கொடுங்கள். இந்தச் செலவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஆடுகிற பிள்ளைக்குப் பனியன் ஞாபகம் வராது.

கடைக்காரர் கோபிக்க வேண்டாம்

"எல்லாரும் இப்படிக் கிளம்பிட்டா எங்க பொழப்பு இன்னா ஆவறது?" என்று கடைக்காரர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கடைக்காரருக்கே தெரியும். ஆசையில் வாங்கிவிட்டுப் பாக்கி வைக்கும் ஆளை விட, யோசித்து வாங்கி ரொக்கம் கொடுக்கும் ஆள்தான் நல்ல வாடிக்கைக்காரர். ஒருவர் வருடக்கணக்கில் வருவார். இன்னொருவர் கடை இருக்கும் தெருவையே சுற்றிக்கொண்டு போவார்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஊரார் கட்டும் சேலை அது. அதை நெய்கிற வீட்டில், அடுத்த சீசனுக்குள் பழசாகிப் போகும் பாலியஸ்டர் பனியனுக்குச் சண்டை! பட்டு நெய்பவருக்குத் துணியின் தரத்தை யார் சொல்லித் தர வேண்டும்? தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடாதா?

அணி ஜெயிக்குமா?

சட்டை வாங்கினால் அணி ஜெயிக்கும் என்றால் வாங்கலாம். சென்னை அணி ஐந்து தடவை கோப்பை வாங்கியது: 2010, 2011, 2018, 2021, 2023. அதே அணி 2025-ல் பத்து அணிகளில் பத்தாவது இடம்! அந்த வருடமும் மஞ்சள் பனியன்களுக்குக் குறைச்சல் இல்லை.

வெற்றியும் தோல்வியும் மைதானத்தில் முடிவாகிறது. கடை வாசலில் அல்ல.

விசில் அடியுங்கள். தொண்டை கட்டும் வரை கத்துங்கள். டோனியா, ரோகித்தா என்று டீக்கடையில் விடிய விடியச் சண்டை போடுங்கள். எல்லாம் இலவசம். ஜெயித்தால் கோப்பை அணிக்குப் போகும். பணம் கம்பெனிக்குப் போகும். கடன் மட்டும் ஏன் ரசிகர் வீட்டுக்கு வர வேண்டும்?