பிடிலும் பிறநாட்டிசையும்

பிறநாட்டிசையோடு கூடி வாசிக்கும் வித்துவான் தன் மரபையும் இழந்து பிறர் மரபையும் கெடுப்பான் என நம்மவருட் சிலர் கூறுவர். எல். சங்கர் என்னும் பிடில் வித்துவானின் வரலாற்றை நோக்குவார்க்கு இக்கூற்றுப் பொருந்தாமை புலனாகும்.

முதற்கண், பிடிலே நமக்குப் பிறநாட்டு விருந்து. ஐரோப்பியர் கொணர்ந்த அக்கருவியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் கற்று, நம் இசைக்கு உரியதாக்கினார். மேனாட்டார் தோளில் தாங்கி வாசிப்பதை நம்மவர் நிலத்தில் அமர்ந்து, அதன் தலையைக் காலின்மேல் ஊன்றி வாசித்தனர். கருவியைத் தாங்கும் சுமை நீங்கவே, இடக்கை விரல்கள் தடையின்றி வழுக்கிக் கமகம் பேசின. தந்திகளும் நம் சுருதிக்கேற்பக் கூட்டப்பெற்றன. கருவி நமக்காக வளைந்ததேயன்றி இராகம் கருவிக்காக வளைந்திலது.

சங்கர் 1950-ல் சென்னையிற் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, தந்தையார் வி. லட்சுமிநாராயணரிடம் பிடில் பயின்றவர். 1969-ல் அமெரிக்கா சென்று, வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். ஆங்காலத்தே ஆங்கிலேயக் கிதார் வல்லுநர் ஜான் மக்லாக்லினோடு நட்புற்று, 1975-ல் 'சக்தி' என்னும் குழுவில் வாசித்தார். ஜாகிர் உசேன் தபலாவும் விநாயகராம் கடமும் வாசிக்க, முதல் இசைத்தட்டில் மிருதங்கம் முழக்கியவர் நம் பாண்டிநாட்டு இராமநாதபுரம் இராகவன். அக்குழுவினர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நகர்தோறும் சென்று வாசித்தனர்.

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடைத் தோன்றிய இசை. அவைமுன் அக்கணமே கற்பனை செய்து வாசித்தல் அதன் உயிர். நம் கற்பனாசுரத்தின் உயிரும் அஃதே. ஆதலின் அக்கூட்டு ஒட்டுவேலை ஆகாமல் உரையாடலாயிற்று.

பின்னர்ச் சங்கர் பத்துத் தந்திகளையுடைய இரட்டைப் பிடிலை அமைத்தார். அப்புதுக்கருவியில் 1980-ல் அவர் பதிவு செய்தது யாது? உமையாள்புரம் சிவராமன் மிருதங்கம் வாசிக்க, இராகம் தானம் பல்லவியே! எத்துணைத் தொலைவு சென்றும் வேர் அறவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? இரண்டையும் அரைகுறையாய்க் கற்றுக் கலப்பாரை யான் போற்றுகின்றேனல்லேன். அன்னார் செய்வது கலப்பன்று, கலக்கமே.

இது நமக்கு வெறும் இசைச் செய்தியன்று. ஆரப்பாளையத்திலிருந்து தமிழ் பயிலவரும் என்போல்வாரை, "தமிழ் எடுத்தால் உலகம் சுருங்கிவிடுமே" என்று இரங்குவார் பலர். மக்லாக்லின் வீணை கற்றது யாரிடம்? சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்த எஸ். இராமநாதனாரிடம். அவ்வாராய்ச்சி நூலை 1979-ல் வெளியிட்டதும் நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகமே. இளங்கோவடிகளை ஆழக் கற்றவரைத் தேடி உலகமே வந்தது.

நண்பர்காள்! அகலம் வேண்டுமென்று ஆழத்தை இகழாதிருப்போம். ஆழம் உண்டென்று வாயிலை அடையாதிருப்போம்.