நால்வரும் ஒரே மேசையில்

புக்கிட் செந்தோசாவில் வரிசை வீடு வாங்கியதும் நம் பிள்ளைகள் செய்யும் முதல் வேலை, பின்பக்கச் சமையலறையை இழுத்துக் கட்டுவது. குத்தகையாளர் வந்து சுவர் எழுப்பிவிட்டுப் போவார். அடுத்த மாதம் வயர்மேன். வெக்கை தாங்காமல் கடைசியில் ஏர்கோன்காரர். பின்சன்னலை அடைத்ததால்தான் காற்று நின்றது என்று யார் சொல்வது? மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லையே!

புத்ராஜெயாவில் எரிசக்தி அமைச்சுக்காக 2004இல் எழுந்தது லியோ கட்டடம். கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும் வரைபட நிலையிலேயே சேர்ந்து உட்கார்ந்தார்கள். சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 100 கிலோவாட் மணி மின்சாரம் என்பது இலக்கு. வெயிலை மறைக்கும் சன்னல், வெப்பம் தடுக்கும் கூரை, பிறகுதான் குளிர்சாதனக் கணக்கு.

அது அரசாங்கப் பணம், சரி. வீட்டுக் கடனோடு மின்கட்டணமும் கட்டும் இளம் தம்பதிக்கு இந்தக் கணக்கு இன்னும் அவசியம். சுவர் எழும்புமுன் ஒரு சனிக்கிழமை அந்த மூவரையும் வீட்டுக்கு அழையுங்கள். கூடவே அம்மாவையும் உட்கார வையுங்கள். எந்தச் சுவர் எத்தனை மணிக்குச் சுடும் என்பது அவருக்குத்தான் தெரியும். கூரைக்கு அடியில் வெப்பத்தடுப்பு விரிப்பு உண்டா என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். பிறகு போடுவதென்றால் கூரையைப் பிரிக்க வேண்டிவரலாம்.